பபூன் கூட்டம்: ஒரு ஊசி போட்டால் போதாதா?

கேள்வி, 2025 ஜூலை 30

ஜெர்மனியில் நியூரம்பெர்க் உயிரியல் பூங்காவில் நேற்று 12 பபூன் குரங்குகளைக் கொன்றிருக்கிறார்கள். இடம் போதவில்லையாம். நோய் நொடி எதுவும் கிடையாது. கருத்தடை ஊசி போட்டிருக்கலாம், இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக அடைத்திருக்கலாம். அவ்வளவு வசதி உள்ள நாட்டில் இதுகூடவா தோன்றவில்லை? பூங்காவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஜூலை 30, மாலை

நான் பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் சில வருடம் கீப்பர். பபூன் பகுதி எங்கள் பொறுப்பு. ஊசியும் போட்டோம், தனியாகவும் அடைத்தோம். இரண்டுமே வெளியிலிருந்து பார்க்கும்போது சுலபமாகத் தெரியும். ராத்திரி எழுதுகிறேன்.

2025 ஜூலை 30, இரவு

முதலில் செய்தி. நியூரம்பெர்க்கில் இருப்பவை கினி பபூன்கள். 2009ல் புது இருப்பிடம் கட்டினார்கள். வளர்ந்த விலங்குகள் 25, அவற்றின் குட்டிகள், இதுதான் கணக்கு. கூட்டம் 40ஐத் தாண்டிவிட்டது. 2011லிருந்து 16 விலங்குகளைப் பாரிஸுக்கும் சீனாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் வாங்க ஆளில்லை. கருத்தடை செய்து பார்த்தோம், பலன் இல்லை என்கிறார்கள். 2024 பிப்ரவரியிலேயே, கொல்ல வேண்டி வரலாம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார்கள். நேற்று பூங்காவை மூடிவிட்டுச் செய்தார்கள். போராட்டக்காரர்கள் உள்ளே ஏறிக் குதித்துத் தரையில் கையை ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே இது யாருக்கும் தெரியாமல் நடந்த காரியம் இல்லை.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. நான் பார்த்துக்கொண்டது ஹமாத்ரியாஸ். அரேபியாவின் தென்மேற்கிலும், செங்கடலுக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியா, எரித்திரியாவிலும் இருக்கும் இனம். ஆணுக்குத் தோளில் வெள்ளிநிறப் பிடரி போர்வை மாதிரி தொங்கும். அதன் சமூகத்தில் அடிப்படை அலகு ஒரு ஆண், அதோடு ஒன்றிரண்டு முதல் எட்டொன்பது வரை பெண்கள், குட்டிகள். அதாவது ஒரு குடும்பம். நெருங்கிய ஆண்களின் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குலம். குலங்கள் சேர்ந்து ஒரு கூட்டம். ராத்திரி பாறையில் தூங்க வரும்போது பல கூட்டம் ஒன்றாகச் சேரும். பெண் கொஞ்சம் தள்ளிப் போனால் தலைவன் முறைக்கும். அதற்கும் வராவிட்டால் பிடரியில் ஒரு கடி. ஓடிப்போகாது, கடித்தவனிடமே ஓடி வரும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

இப்படி இருக்கும் கூட்டத்தில் எல்லா ஆண்களையும் ஒரு பக்கம், எல்லாப் பெண்களையும் மறு பக்கம் அடைத்தால் அத்தனை குடும்பமும் ஒரே நாளில் கலைகிறது. தனி ஆண்கள் கூட்டம் நடக்கும், பெண் கண்ணில் படாமலும் வாசனை எட்டாமலும் இருக்கும்வரை. ஆனால் திரும்ப ஒன்றுசேர்க்கவே முடியாது என்று எழுதிவைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் இருக்கிறது.

லண்டன் உயிரியல் பூங்காவில் 1925ல் குரங்கு மலை என்று செயற்கைப் பாறை ஒன்றைக் கட்டி, ஏறக்குறைய நூறு ஹமாத்ரியாஸை விட்டார்கள். ஆண்களை மட்டும் வைப்பதுதான் திட்டம். வந்த சரக்கில் 6 பெண்கள் கலந்திருந்தன. அடிதடி. சரி, பெண்கள் குறைவாக இருப்பதால்தான் இந்தச் சண்டை என்று 1927ல் 30 பெண்களைக் கொண்டுவந்து ஒரே சமயத்தில் உள்ளே விட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது மோசம். மொத்தம் இறந்த 33 பெண்களில் 30 சண்டையில் செத்தவை. செத்த பெண்ணையும் விடாமல் இழுத்துக்கொண்டு திரிந்த ஆண்கள் உண்டு. 1930ல் மீதமிருந்த பெண்களையும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

2025 ஜூலை 31

'அப்படியானால் குரங்கு என்றாலே காமமும் கொலையும்தான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதே முடிவுக்குத்தான் அன்றைக்கு லண்டனில் அந்தக் குரங்கு மலையை ஆராய்ந்த சாலி ஸக்கர்மன் வந்தார். குரங்குச் சமூகத்தைக் கட்டி வைத்திருப்பதே பாலுறவுதான் என்று 1932ல் புத்தகம் போட்டார். பல வருடம் அதுவே வேதம்.

அதை உடைத்தவர் சுவிட்சர்லாந்தின் விலங்கு ஆய்வாளர் ஹான்ஸ் குமர். சூரிக் பூங்காவில் ஹமாத்ரியாஸைப் பார்க்க ஆரம்பித்து, 1960ல் எத்தியோப்பியாவுக்கே போய்விட்டார். பார்த்தால் அங்கே நூற்றுக்கணக்கில் ஒரே பாறையில் தூங்குகின்றன, லண்டன் மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஏன்? அவர் குழு செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே கூட்டத்து ஆண்கள் இரண்டு. ஒன்றோடு ஒரு புதுப் பெண்ணை விடுவார்கள். இன்னொன்று பக்கத்துக் கூண்டிலிருந்து கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு அதையும் உள்ளே விட்டால், பெண்ணைத் தொடாது. ஓரமாக உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும், தரையைச் சுரண்டும், தன் உடம்பைச் சொறிந்துகொள்ளும். வலுவில் பெரியதாக இருந்தாலும் அப்படித்தான். பெண்ணுக்கு அந்த ஆணைப் பிடித்திருக்கிறதா என்பதையும் அது கவனிக்கும் என்று பிறகு வந்த ஆய்வில் தெரிந்தது. பிடிக்கவில்லை என்று தெரிந்தால் துணிந்துவிடும்.

அதாவது யார் யாரோடு என்பது ஊருக்கே தெரிந்திருந்தால் அமைதி. லண்டனில் எல்லாமே அந்நியர்கள். எந்த ஜோடியையும் யாரும் பார்த்து ஒத்துக்கொண்டதில்லை. அதில் 30 பெண்களை ஒரே நாளில் கொட்டினால் வேறென்ன நடக்கும்? இடமும் சிறியது, ஓடி ஒளிய மறைவு கிடையாது. குரங்கின் குணத்தைவிட அதை நிர்வகித்தவர்களின் அவசரம்தான் அங்கே கொன்றது என்பது என் கணிப்பு.

நான் எழுதப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும். தலைகளை எண்ணிப் பபூன் கூட்டத்தைப் பராமரிக்க முடியாது. யார் யாரோடு என்பதைத்தான் பராமரிக்கிறோம்.

2025 ஆகஸ்ட் 3

இப்போது ஊசி.

வழிகள் மூன்று. பெண்ணுக்கு ஹார்மோன், ஆணுக்கு வாசக்டமி (விதையை விட்டுவிட்டு விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிடுவது), ஆணுக்கு விதைநீக்கம்.

மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். விதை எடுத்தால் ஹமாத்ரியாஸ் ஆணுக்கு அந்த வெள்ளிப் பிடரியே போய்விடும், பெண் மாதிரி ரோமம் வரும். அந்தஸ்தும் கூடவே போகும். தலைவனுக்கு அதைச் செய்தால் அதன் குடும்பம் அடுத்தவன் கைக்குப் போனதாகவே அர்த்தம்.

வாசக்டமி நல்லது, ஆணுக்கு ஒன்றும் தெரியாது. பிடரி, கோபம், பெண்கள் எல்லாம் அப்படியே. ஆனால் பெண் பக்கம் யோசியுங்கள். காட்டில் பபூன் பெண் பெரும்பாலான காலம் ஒன்று சினையாக இருக்கும் (ஏறக்குறைய 6 மாதம்), இல்லையென்றால் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். பின்புறம் சிவந்து வீங்கி, தயார் என்று ஊருக்கே அறிவிக்கும் நாட்கள் மிகக் குறைவு. ஆண் மலடானால் பெண்ணுக்குச் சினை பிடிக்காது. மாதாமாதம் வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும், வருடக்கணக்கில். பக்கத்துக் குடும்பத்து இளவட்டங்கள் இதை மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கும். பதற்றம் குறையவே குறையாது.

அடுத்து, தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி. மனிதப் பெண்களுக்குக் கையில் வைக்கிறார்களே, அதே மருந்துதான் பல பூங்காக்களிலும். இதில் வீக்கமும் நின்றுவிடும், ஆகவே அமைதி. ஆனால் குச்சியை வைத்தால் இருக்க வேண்டுமே! குரங்குகள் நாள் முழுக்க ஒன்றின் ரோமத்தை இன்னொன்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பவை. தோலில் சின்ன மேடு தெரிந்தால் விடாது. தோழி உட்கார்ந்து நோண்டி எடுத்துவிடும். எங்கள் டாக்டர் ஒரு மலையாளி. தையல் போட்ட இடத்தை மறைக்க வேறு இரண்டு மூன்று இடத்தில் ரோமத்தைச் சும்மா மழித்து விடுவார், எங்கே தேடுவது என்று தெரியாமல் குழம்பட்டும் என்று. சில சமயம் குழம்பின.

இன்னொன்று, குச்சியை எடுத்த பிறகு மறுபடி சினை பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில வருடம் குட்டியே போடாத பெண் அப்படியே மலடாக நின்றுபோகலாம். இன்றைக்கு அதிகமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் நிறுத்தினால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து மொத்தக் கூட்டமும் கிழடு. குட்டி வளர்ப்பைப் பார்த்தே இராத இளம்பெண்கள் முதல் குட்டியைச் சரியாகத் தூக்கக்கூடத் தெரியாமல் விடும். அதையும் பார்த்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 3, கொஞ்சம் கழித்து

வாசக்டமி என்றதும் ஞாபகம் வந்தது. 2020 பிப்ரவரியில் சிட்னியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பபூன்கள் லாரியிலிருந்து தப்பி ரோட்டில் நடந்தனவே, வீடியோ ஊரெல்லாம் சுற்றியதே? ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவை. அதில் ஆணுக்கு 15 வயது. வாசக்டமிக்காகத்தான் கொண்டுபோனார்கள். கூட இருந்த இரண்டு பெண்களும் அது பதற்றப்படாமல் இருக்கத் துணைக்கு வந்தவை. தன் கூட்டத்திலேயே அது தொடர்ந்து இருக்க வேண்டும், உறவுக்குள் இனம் பெருகவும் கூடாது, அதனால்தான் இந்த ஆபரேஷன் என்று அந்த மாகாண அமைச்சரே விளக்கம் கொடுத்தார். அன்றைக்கே பிடித்துவிட்டார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கவனித்தது அந்தத் துணைப் பெண்களை. அனுப்பியவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

2025 ஆகஸ்ட் 9

துணை ஏன் முக்கியம் என்று கேட்டவருக்கு.

எங்கள் கூட்டத்தில் மூத்த தலைவன் ஒருவன் இருந்தான். சூடான்காரச் சக கீப்பர் வைத்த பெயர் ஷைபா, கிழவன் என்று. ஐந்து பெண்கள். ஒரு நாள் கன்னம் வீங்கிவிட்டது. கோரைப்பல்லின் வேரில் சீழ். பபூன் ஆணின் கோரைப்பல்லை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று. மயக்க ஊசி போட்டு, பல்லை எடுத்து, புண் ஆறும்வரை தனியறையில் வைக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு. டாக்டர் இரண்டே நாளில் திருப்பி விடலாம் என்றார். மேலாளர் கேட்கவில்லை. வாயில் தையலோடு பார்வையாளர் கண்ணில் படக்கூடாதாம். இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அவன் பெண்கள் எல்லாம் பிரிந்து போயிருந்தன. மூன்று பெண்கள் அவனுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த இளைய ஆணிடம். இரண்டு பக்கத்துக் குடும்பத்தில். ஹமாத்ரியாஸில் இப்படி ஒட்டிக்கொண்டு திரியும் ஆண்கள் சகஜம். வருடக்கணக்கில் தலைவனோடு நடக்கும், சண்டைக்கு வராது, காத்திருக்கும். ஷைபா ஒரு நாள் முயன்று பார்த்தான். பல்லும் இல்லை. அதன்பிறகு பாறையின் ஓரத்தில் தனியாக உட்கார ஆரம்பித்தான். பிடரி ரோமம் சில மாதத்தில் மங்கிவிட்டது. பெண்ணை இழந்த கிழட்டுத் தலைவன்களுக்குக் காட்டிலும் இப்படி ஆகும் என்று பிறகு படித்தேன்.

அது போகட்டும். மூன்று பெண்களில் ஒன்றிடம் பால்குடிக் குட்டி இருந்தது. புதுத் தலைவன் வந்து சில நாளில் குட்டி செத்துக் கிடந்தது. கடித்துக் கொன்றதா, இழுபறியில் போனதா, யாரும் பார்க்கவில்லை.

2025 ஆகஸ்ட் 10

'கூண்டில் அடைத்ததால்தான் இந்தக் குரூரம்' என்பதற்கு: இல்லை. ஆட்சி மாறினால் பால்குடிக் குட்டிகளுக்கு ஆபத்து என்பது காட்டிலும் உண்டு. பெண்கள் அதற்கு ஒரு உபாயமும் வைத்திருக்கின்றன. புது ஆண் வந்ததும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக்கூடப் பின்புறம் சட்டென்று வீங்கிவிடும். மாட்ரிட் உயிரியல் பூங்காவில் 1980களிலேயே இதைப் பதிவு செய்தார்கள், எரித்திரியாவில் காட்டிலும் பார்த்தார்கள். எல்லா வீக்கமும் கருத்தரிப்பில் முடியாது. புதியவனைச் சமாதானப்படுத்தும் நாடகமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம்.

கூண்டு செய்வது வேறொன்று. காட்டில் தோற்றவன் விலகிப் போகலாம், குட்டியோடு தாய் ஒதுங்கலாம். இங்கே சுவர். ஆகவே ஒரு தலைவனை வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் ஆட்சிக் கவிழ்ப்புக்குத் தேதி குறிக்கிறோம். கிழிந்த காதையும் தொடைக் காயத்தையும் அனுபவமுள்ள டாக்டர்கள் சும்மா விட்டுவிடுவது இதனால்தான். பபூன் காயம் ஆச்சரியப்படும்படி ஆறும். பார்வையாளர்கள் புகார் எழுதுவார்கள். எழுதட்டும்.

2025 ஆகஸ்ட் 24

யோசித்துப் பார்த்தால், நான் சொன்னதை எல்லாம் நியூரம்பெர்க்குக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஹமாத்ரியாஸ் வேறு, கினி பபூன் வேறு. கினியிலும் ஒரு ஆண், சில பெண்கள் என்ற அலகு உண்டு. ஆனால் பிடரிக் கடியால் கட்டிவைப்பது அங்கே இல்லை. பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆணிடம் போய்விடலாம். ஆண்கள் ஒன்றுக்கொன்று ரொம்பவே இணக்கம். சந்திக்கும்போது கட்டிப்பிடிப்பதும் பிறப்புறுப்பைத் தொட்டு வணக்கம் சொல்வதும் சர்வசாதாரணம். செனகலின் நியோகோலோ கோபா தேசியப் பூங்காவில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007லிருந்து பார்த்துவருகிறார்கள்.

பபூன்களிலேயே கொஞ்சம் சாந்தமான இனம் அது. அதிலேயே நெரிசலால் சண்டையும் காயமும் கூடிவிட்டது என்று பூங்கா சொல்கிறது என்றால், நெரிசல் நிஜமாகவே மோசமாக இருந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 25

'காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன?' என்று மூன்றாவது ஆள் கேட்டுவிட்டார். விட முடியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டங்களுக்கு இவை அந்நியர்கள், அதுவும் வேட்டையாடும் விலங்கையே பார்த்திராத அந்நியர்கள். லண்டன் கதையை மறுபடி படிக்கவும்.

2025 செப்டம்பர் 7

ரியாத்திலிருந்து எழுதிய தம்பிக்கு. ஆமாம், தாயிஃபில் ஹதா மலைப்பாதையில் கார் கண்ணாடியில் ஏறி உட்காருவது ஹமாத்ரியாஸ்தான். அபஹா பக்கமும் அதேதான். வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்துங்கள். அங்கே சுற்றுலாக்காரர்களும் குப்பைத்தொட்டிகளும் சேர்ந்து ஒரு திறந்தவெளி உயிரியல் பூங்காவையே உண்டாக்கிவிட்டார்கள். பாலைவனத்தில் ஒரு நாள் இரைக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டிய விலங்கு, ரோட்டோரம் உட்கார்ந்தே வயிற்றை நிரப்புகிறது. சாப்பாடு கொழுத்தால் பெண் சீக்கிரம் பருவத்துக்கு வரும், இரண்டு குட்டிகளுக்கு நடுவே இடைவெளி குறையும். பூங்காவில் எண்ணிக்கை தறிகெட்டுப் போவதற்கும் முதல் காரணம் இதுதான். நாங்கள் பழத்தைக் குறைத்து, கீரையும் புல்லும் தானியமுமாகப் பரந்த இடத்தில் இறைத்துப் போட ஆரம்பித்தபோது சண்டை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஒரே தட்டில் கொட்டினால் பலசாலி மட்டும் தின்னும். சிதறிப் போட்டால் எல்லோரும் குனிந்து பொறுக்குவதில் நேரம் போகும்.

இருப்பிடத்தில் முட்டுச்சந்து இருக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவு அறைக்கு ஒரே கதவு இருந்தால், அந்தக் கதவில் ஒரு தலைவன் உட்கார்ந்துகொள்வான். உள்ளே போனவை வெளியே வர முடியாது, வெளியே இருப்பவை உள்ளே போக முடியாது. நாங்கள் பார்த்த காயங்களில் பெரும்பங்கு சாயங்காலம் உள்ளே அடைக்கும் நேரத்தில் வந்தவை. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராக இரண்டு கதவு, நடுவில் கண்ணை மறைக்கும் சுவர். கட்டும்போதே செய்ய வேண்டிய காரியம். பிறகு இடித்துச் செய்ய நிர்வாகம் காசு கொடுக்காது.

2025 செப்டம்பர் 8

நெதர்லாந்து எம்மன் பூங்கா விஷயம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். 2013ல் அங்கிருந்த 112 பபூன்களும் திடீரென்று ஒரே பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன, சாப்பாடு வேண்டாம் என்று. 1994, 1997, 2007லும் இதே மாதிரி. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பூகம்பம், பாம்பு, வேற்றுக்கிரகம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வேற்றுக்கிரகக் கட்சிக்காரர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்கவும்.

2025 அக்டோபர் 5

'ஆண்களால்தானே எல்லாத் தொல்லையும்? பெண்கள் கையில் விட்டால் அமைதி' என்று எழுதிய மேடத்துக்கு: இனத்தைப் பொறுத்தது. ஆலிவ் பபூனில் கதை தலைகீழ். அங்கே ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பெண்கள் பிறந்த ஊரிலேயே இருக்கும். தாயின் அந்தஸ்து மகளுக்கு. தாய்வழி வம்சங்கள்தான் கூட்டத்தின் எலும்பு. டொராண்டோ பூங்காவில் அப்படி ஒரு தலைவி, பெயர் பெட்டி, 2014 இறுதியில் போய்ச்சேர்ந்தது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பெண்களுக்குள் வாரிசுச் சண்டை, கிழிந்த காயங்கள், கடைசியில் மோலி என்ற பெண் இடத்தைப் பிடித்தது. ஆண்களுக்கு அதில் பெரிய பங்கே இல்லை.

ஆகவே ஹமாத்ரியாஸ் கூட்டத்தில் ஒரு கிழ ஆணைத் தொடுவதும், ஆலிவ் கூட்டத்தில் ஒரு கிழப் பெண்ணைத் தொடுவதும் ஒரே அளவு ஆபத்து. இனம் எதுவென்றே சரியாகத் தெரியாத கூட்டங்களும் பழைய பூங்காக்களில் உண்டு. பபூன் இனங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். எத்தியோப்பியாவின் அவாஷ் பகுதியில் இயற்கையாகவே ஆலிவும் ஹமாத்ரியாஸும் கலந்து வாழ்கின்றன. கலப்புக் கூட்டத்துக் குட்டியை இனப்பாதுகாப்புத் திட்டத்தில் யாரும் வாங்கமாட்டார்கள். அதுவும் அனுப்ப இடமில்லாமல் போக ஒரு காரணம்.

2025 அக்டோபர் 6

குணம் மாறவே மாறாதா என்றால், மாறும். கென்யாவில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சபோல்ஸ்கி பார்த்துவந்த ஆலிவ் கூட்டம் ஒன்றில், 1980களின் நடுவில், முரட்டு ஆண்கள் மட்டும் பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டுக்குச் சண்டை போட்டுச் சாப்பிடப் போகும். அந்தக் குப்பையில் காசநோய் தொற்றிய இறைச்சி. போனவை எல்லாம் செத்தன. மீதி இருந்தவை சாதுவான ஆண்களும் பெண்களும். கூட்டமே அமைதியானது. இதுவரை அதிசயம் இல்லை. பல வருடம் கழித்து, அந்தப் பழைய ஆண்கள் ஒன்றும் இல்லாமல் வெளியிலிருந்து வந்த புது ஆண்கள் மட்டும் இருந்தபோதும் அந்த அமைதி தொடர்ந்தது. வந்தவர்களை அங்கிருந்த பெண்கள் நடத்திய விதம் அப்படி.

பூங்கா நிர்வாகத்தில் இதை யாராவது முரட்டு ஆண்களைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று படித்தால் என்னைத் திட்டாதீர்கள். சபோல்ஸ்கியின் கூட்டத்துக்குக் காடு இருந்தது. கிளம்பிப் போகவும் புதிதாக வரவும் வழி இருந்தது.

2025 நவம்பர் 16

'சுற்றிச் சுற்றி எழுதுகிறீர்கள், நியூரம்பெர்க் செய்தது சரியா தப்பா?' என்று கேட்டிருக்கிறார் முதலில் கேள்வி கேட்டவர். நியாயம்தான்.

கோபன்ஹேகன் பூங்காவில் 2014ல் மாரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றபோது வந்த அதே வாதம்தான் இங்கேயும். குட்டி போடுவதும் வளர்ப்பதும் விலங்கின் வாழ்க்கையில் பெரும்பகுதி. அதைப் பறிப்பதைவிட, பிறக்கவிட்டு, மிஞ்சுவதைக் கொல்வது மேல் என்கிறது ஒரு கட்சி. உயிரைக் கொடுத்துவிட்டு எடுப்பதற்கு நீ யார் என்கிறது இன்னொன்று. நம் ஊர் இரண்டாவது பக்கம். ஆசிய, ஆப்பிரிக்கச் சிங்கங்கள் கலந்து பஞ்சாபின் சத்பீர் போன்ற பூங்காக்களில் பெருகிவிட்டபோது, இனப்பெருக்கத்தை நிறுத்தி, ஆண்களுக்கு வாசக்டமி செய்து, மீதியை ஆயுள் முடியும்வரை சோறு போட்டு வைத்திருந்தார்கள். சிங்கத்துக்கு அது நடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து அடைத்தாலும் சமாளித்துவிடும். பபூனைத் தனியாக அடைத்து ஆயுள் முழுக்கச் சோறு போடுவது கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் தீர்ப்பு: 2025ல் அவர்கள் கையில் நல்ல வழி எதுவும் மிச்சமில்லை என்பதை நம்புகிறேன். சரணாலயங்களோடும் பேசிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. தப்பு நடந்தது கட்டும்போது. பிறக்கும் குட்டிகளில் பாதி ஆண். ஒரு ஆணுக்குப் பல பெண் என்று வாழும் இனத்தில் அந்த ஆண்களில் பெரும்பாலானவை மிஞ்சும். இது 2009லேயே எழுதிப்போட்ட கணக்கு. இளம் ஆண்களுக்கு என்று, பெண் கண்ணில் படாத ஒரு தனி இருப்பிடத்தை முதல் நாளே கட்டியிருக்க வேண்டும். அதற்கு நிதி கேட்டால் எந்த நகரமன்றமும் முகம் சுளிக்கும். பார்வையாளர் பார்க்காத கட்டடத்துக்கு யார் பணம் தருவார்கள்?

2025 நவம்பர் 17

'சரி, உங்களிடம் 40 பபூனைக் கொடுத்தால்?'

பெண்களில் பாதிக்கு மட்டும் ஹார்மோன் குச்சி, அதையும் முறை வைத்து. யாரும் நான்கைந்து வருடத்துக்கு மேல் குட்டியில்லாமல் இருக்கக்கூடாது. வருடத்துக்கு இரண்டு மூன்று குட்டியாவது கூட்டத்தில் இருக்க வேண்டும். புதுக்குட்டி வந்தால் சண்டைக்காரர்கள்கூட அதைப் பார்க்க ஒன்றாக வந்து உட்காருவார்கள். அதுவே பாதி வைத்தியம். வெளியே அனுப்புவதாக இருந்தால் பொறுக்கி எடுக்காமல், தலைவன், பெண்கள், குட்டிகள், ஒட்டிக்கொண்டு திரியும் இளைய ஆண் எல்லாவற்றையும் முழுக் குடும்பமாக அனுப்புவேன். ஒற்றை ஆணை எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பமாட்டேன், வாங்கவும்மாட்டேன். எந்த விலங்கையும் துணையில்லாமல் ஒரு ராத்திரிக்கு மேல் வெளியே வைக்கமாட்டேன், அதற்காக டாக்டர் ராத்திரியில் எழுந்து வர வேண்டியிருந்தாலும். அப்புறம் சாயங்காலக் கதவைத் திறப்பவர் வாராவாரம் மாறக்கூடாது. யார் யாரோடு உள்ளே போகிறது என்பது அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்டால் எழுதிவைத்த நோட்டாவது அங்கே இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் அந்த நோட்டு சூடான்காரர் கையெழுத்தில், அரபியில் இருந்தது. அவர் ஊருக்குப் போன பிறகு வந்தவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.